வலி மாத்திரையும் வீட்டு மாத்திரை டப்பாவும்: மெடிக்கலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர் பக்கம் ஒரு மெடிக்கலில் 20 வருடத்துக்கு மேலாக பார்மசிஸ்டாக நிற்கிறேன். "தம்பி, இடுப்பு வலி தாங்கல, நல்லா கேக்குற மாதிரி ஒண்ணு குடுப்பா" என்று தினமும் யாராவது வருவார்கள். "வேற என்னம்மா மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்பேன். "அது ஒண்ணுமில்ல, பி.பி.க்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, அப்புறம் ராத்திரி ஒரு குட்டி மாத்திரை." எனக்குக் கவலை அந்தக் குட்டி மாத்திரை மேல்தான். கடையில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். உங்களைப் பார்க்கும் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

பி.பி., சுகர் மாத்திரை தினமும் போடுகிறேன். காய்ச்சல், தலைவலிக்கு டோலோ போடலாமா?

போடலாம். அம்லோடிபின், டெல்மிசார்டான், மெட்ஃபார்மின், கொழுப்புக்கான அடோர்வாஸ்டாடின், தைராய்டு மாத்திரை, வழக்கமான ஆன்டிபயாடிக் என எதனோடும் பாராசிட்டமாலுக்குப் பெரிய சண்டை கிடையாது. டோலோ, குரோசின், கால்பால் எல்லாமே பாராசிட்டமால்தான், கம்பெனிதான் வேறு. வெறும் வயிற்றில் போட்டாலும் வயிற்றைப் புண்ணாக்காது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். காய்ச்சல் 3 நாள் தாண்டினால் வேறு மாத்திரை கேட்டு என்னிடம் வராதீர்கள், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வரை போடலாம்?

உடம்பு நன்றாக இருக்கும் பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 4000 மி.கி. அதுதான் உச்சவரம்பு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். 650 மி.கி. மாத்திரை என்றால் 6 மணி நேரம் விடுங்கள். எடை 50 கிலோவுக்குக் கீழே உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள், சாப்பாடு சரியாக இறங்காத வயதானவர்கள் 2 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கணக்கு எங்கே தப்புகிறது என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு மழைக்கால ராத்திரி, கடை சாத்தும் நேரம். ஆட்டோ ஓட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும். காய்ச்சல், சளி, முதுகுவலி எல்லாம் சேர்ந்து நான்காவது நாள். சட்டைப்பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து கண்ணாடி மேல் வைத்தார். ஒன்று அவரே வாங்கிய காய்ச்சல் மாத்திரை. இன்னொன்று தெருமுனை கிளினிக்கில் சளிக்கு எழுதிக் கொடுத்தது. மூன்றாவது, வீட்டம்மாவுக்கு மூட்டுவலிக்கு வாங்கி மீந்துபோனது. பில்லைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். காய்ச்சல் மாத்திரையில் 650 மி.கி. பாராசிட்டமால், மூன்று வேளைக்கு 1950. சளி மாத்திரையில் 500, மூன்று வேளைக்கு 1500. வலி மாத்திரையில் 325, இரண்டு வேளைக்கு 650. கூட்டினால் 4100. "மூணும் வேற வேற மாத்திரைன்னு இல்ல நெனச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அட்டையின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் பெயர்கள் மூன்றும் வேறுதான்.

எதில் பாராசிட்டமால் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அட்டையைத் திருப்புங்கள். பிராண்டு பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயரும் மி.கி. அளவும் இருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நானே இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறேன். காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325. ஜீரோடால்-பி என்றால் அசிக்ளோஃபெனாக், கூடவே பாராசிட்டமால். சாரிடானில் உண்டு. சைனாரெஸ்ட் போன்ற சளி மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் உண்டு. அல்ட்ராசெட்டிலும் உண்டு.

அரசு ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரையிலும், 2025-இல் திறந்த முதல்வர் மருந்தகங்களில் வாங்கும் பல மாத்திரைகளிலும் மருந்தின் பெயர் மட்டுமே இருக்கும். உண்மையில் அதுதான் வசதி. ஆனால் "ஜி.எச்.ல குடுத்தது வேற, கடைல வாங்குனது வேற" என்று இரண்டையும் ஒரே வேளையில் போடுகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

டோலோ கேட்கவில்லை என்றால் காம்பிஃப்ளாம், ஜீரோடால் போடலாம்தானே? கொஞ்சம் பவர் ஜாஸ்தி, அவ்வளவுதானே?

இந்தப் "பவர் ஜாஸ்தி" என்ற எண்ணம்தான் பாதித் தொல்லைக்குக் காரணம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நிமெசுலைடு, நேப்ராக்சன், மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் எல்லாம் வேறு ஜாதி. இனி 'வலி மாத்திரை' என்று நான் சொல்வது இந்த ஜாதியைத்தான், பாராசிட்டமாலை அல்ல. உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்து வலியையும் வீக்கத்தையும் குறைப்பவை. அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் வரும் வழியையும் திறந்து வைக்கிறது. வலியை நிறுத்தப் போய் அந்த இரண்டு வேலையும் சேர்ந்து நிற்கிறது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் அட்டைகளின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு வேண்டும் என்று அர்த்தம். ஊரெங்கும் சீட்டில்லாமல் விற்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்தக் கூட்டத்திலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றுதான். காலையில் ஐபுப்ரோஃபென், மதியம் டைக்ளோஃபெனாக் என்று மாற்றி மாற்றிப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றுப்புண்தான் வரும். கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்களும் "என்ன ஊசி?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல நேரம் அது டைக்ளோஃபெனாக்காகவே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதே மருந்தை மாத்திரையாக விழுங்குவீர்கள்.

பி.பி. மாத்திரையோடு வலி மாத்திரை போட்டால் என்ன ஆகும்?

இரண்டு விஷயம். ஒன்று, வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும். "மாத்திரை ஒழுங்காத்தான் போடுறேன், பி.பி. மட்டும் குறையவே இல்ல" என்பவரிடம் மூட்டுவலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். சளி மாத்திரையில் உள்ள ஃபினைலெஃப்ரினும் பிரஷரை ஏற்றக்கூடியதுதான்.

இன்னொன்று சிறுநீரகம். நம் வீட்டு ஆர்.ஓ. மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போதுமான அழுத்தத்தில் வந்தால்தான் வடிகட்டும். சிறுநீரக வடிகட்டியும் அப்படித்தான். வலி மாத்திரை, உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. எனலாப்ரில், ராமிப்ரில் போல 'பிரில்' என்று முடிகிற பி.பி. மாத்திரைகளும், லோசார்டான், டெல்மிசார்டான் போல 'சார்டான்' என்று முடிபவையும் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகின்றன. நீர் பிரியும் மாத்திரை தொட்டியில் தண்ணீரையே குறைக்கிறது. மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் அழுத்தம் விழுந்து வடிகட்டுவது நின்றுபோகலாம். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நல்ல மருந்துதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டெல்மா-ஹெச் போன்ற மாத்திரையில் டெல்மிசார்டானும், நீர் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் ஒரே வில்லையில் இருக்கின்றன. "எனக்கு பி.பி.க்கு ஒரே ஒரு மாத்திரைதான்" என்பவர் மூன்றில் இரண்டை ஏற்கெனவே விழுங்கியாயிற்று. கத்திரி வெயிலில் வேர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால், அல்லது வாந்திபேதி வந்திருந்தால், ஆபத்து இன்னும் கூடும். அந்த நாட்களில் வலி மாத்திரை பக்கமே போகாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ கால் வீங்கினாலோ உடனே டாக்டர். சுகரால் சிறுநீரகம் கொஞ்சம் பாதித்தவர்களுக்கு அம்லோடிபின் மட்டும் போட்டுக்கொண்டிருந்தாலும் இந்த மாத்திரைகள் ஆகாது. சிறுநீரகம் சரியாக வடிகட்டாமல் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினால் மெட்ஃபார்மினும் உடம்பில் தேங்கும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் வந்தபிறகு பி.பி., சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால் அந்த மாத்திரை என் கடை பில்லில் இல்லாததால், நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு மனிதர்களிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. அந்த ஊசி போட்ட மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதனால்தான் 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நம் ஊரில் இன்று முதுமலை, மாயாறு பக்கம் போனால்தான் பாறுகளைப் பார்க்க முடியும். மனிதச் சிறுநீரகம் அத்தனை மெல்லியது இல்லை. அதற்காகச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம்.

ஹார்ட்டுக்கு ஈகோஸ்பிரின் சாப்பிடுகிறேன். வலிக்கு எது?

அந்தக் "குட்டி மாத்திரை" பெரும்பாலும் இதுதான். 75 மி.கி. ஆஸ்பிரின். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது.

ஐபுப்ரோஃபென் இதன் வேலையைக் கெடுக்கும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அதேதான். ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தில் ஐபுப்ரோஃபென் முதலில் துண்டைப் போட்டுவிடுகிறது. ஆஸ்பிரின் ரத்தத்தில் ரொம்ப நேரம் நிற்காது. இடம் கிடைக்காமல் இறங்கிப் போய்விடும். சிறிது நேரத்தில் ஐபுப்ரோஃபெனும் துண்டை எடுத்துக்கொண்டு போய்விடும். அன்றைக்கு இதயத்துக்குக் காவல் இல்லை. சாதா ஆஸ்பிரின் என்றால், அதைப் போட்டு அரை மணி நேரம் கழித்தோ, அதற்கு 8 மணி நேரத்துக்கு முன்போ ஐபுப்ரோஃபென் போடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006-இல் சொன்னது. ஈகோஸ்பிரின் மேலுறை போட்ட மாத்திரை, மெதுவாகக் கரைவது. அந்த நேரக்கணக்கு இதற்கு அப்படியே பொருந்தாது. அதனால் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்து, தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரலும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் வேறு வலி மாத்திரையைத் தொடவே வேண்டாம். ரத்தக்கசிவு அபாயம் ஏறும். தார் மாதிரி கறுப்பாக மலம் போனால் எமர்ஜென்சி. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுக்கும், ஆனால் அதை நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

வால்வு ஆபரேஷன் ஆகி அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு?

ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குப் பாராசிட்டமாலே கூட ஓர் எல்லை வரைதான். ஒன்றிரண்டு மாத்திரை பரவாயில்லை. தினமும் 2 கிராம், அதற்கு மேல் என்று பல நாள் போனால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஏறக்கூடும். டெஸ்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

தைலத்தையும் கவனியுங்கள். மெத்தில் சாலிசிலேட் உள்ள தைலத்தை முழங்கால், இடுப்பு என்று தாராளமாகத் தேய்த்தால், தோல் வழியாக உள்ளே போய் ஐ.என்.ஆரை ஏற்றியது உண்டு. "வெளியில தேய்க்கிறதுதானே தம்பி" என்று ஒரு பெரியவர் சிரித்தார். அவர் வாரம் ஒரு பாட்டில் காலி செய்கிறவர்.

கேஸ் மாத்திரை சேர்த்துப் போட்டால் எல்லாம் சரிதானே?

வயிற்றை ஓரளவு காக்கும். சிறுநீரகத்தையும் இதயத்தையும் அது காக்காது. குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள் ஒமிப்ரசோல் வாங்க வேண்டாம். குளோபிடோக்ரல் வேலை செய்வதை அது குறைக்கும். பான்டோபிரசோல் மேல்.

மழைக்காலக் காய்ச்சலுக்கு எது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் எந்தக் காய்ச்சலையும் டெங்குவாக இருக்குமோ என்று நினைத்துத்தான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். பாராசிட்டமால் மட்டும். டெங்குவில் தட்டணுக்கள் குறையும். அந்த நேரத்தில் ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக் ஊசியும் ரத்தக்கசிவை வரவழைக்கும். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலிக்கும், அதனால்தான் எல்லோரும் "ஸ்ட்ராங்கா" கேட்பார்கள். கொடுக்க மாட்டேன். நிலவேம்பு குடிநீர் குடித்தாலும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே ஈகோஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள், நிறுத்துவதா தொடர்வதா என்று அன்றே டாக்டரைக் கேட்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

மனசுக்கு, வலிப்புக்கு, டி.பி.க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள்?

மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றோடு ஐபுப்ரோஃபென் வகை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். டிராமடால் என்ற கடுமையான வலி மருந்து சேர்ந்தால் நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகலாம். வீட்டு டப்பாவில் பழைய அல்ட்ராசெட் கிடந்தால், அதில் டிராமடால் இருக்கிறது. 2018 முதல் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்த மருந்து. லித்தியம் சாப்பிடுகிறவருக்கு வலி மாத்திரை லித்தியம் அளவை விஷமாகும் வரை ஏற்றலாம். மூட்டுவாதத்துக்கு வாராவாரம் மெத்தோட்ரெக்சேட் போடுகிறவர்களும் டாக்டர் எழுதாமல் எதையும் சேர்க்கக் கூடாது. வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், அல்லது டி.பி. மருந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பாராசிட்டமாலின் கல்லீரல் பாதிப்பு சீக்கிரம் வரலாம். குறைந்த அளவு, குறைந்த நாள்.

குடித்திருக்கும்போது?

தலைவலிக்கு ராத்திரியே மாத்திரை போடாதீர்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். தினமும் குடிப்பவருக்குப் பாராசிட்டமால் கல்லீரலிலும் ஐபுப்ரோஃபென் வயிற்றிலும் கைவைக்கும். ஆக, இரண்டில் எது நல்லது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நாட்டு மருந்துப் பொடி சாப்பிட்டால் வலி உடனே நிற்கிறது. கூடவே மாத்திரை போடலாமா?

பதிவு பெற்ற சித்த மருத்துவர் கொடுத்ததென்றால் அவரிடமே சொல்லிக் கேளுங்கள். லேபிளே இல்லாத பொட்டலத்தில் வந்த மூட்டுவலிப் பொடி ஒரே நாளில் வலியை நிறுத்தினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருந்து பிடிபட்டதுண்டு. ஸ்டீராய்டோடு வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றுப்புண் வரும் ஆபத்து மிகவும் கூடும்.

மாதவிடாய் வலிக்கு மெஃப்டால் போடுகிறேன். கர்ப்பமாக இருந்தால்?

மாதம் ஒன்றிரண்டு நாள், சாப்பிட்டபின், பரவாயில்லை. ஆனால் அதில் உள்ள மெஃபெனமிக் ஆசிடால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வருகிறது என்று 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்திருக்கிறது. உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல், நெறி கட்டுதல் வந்தால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகளுக்குப் பாராசிட்டமால், அதுவும் டாக்டரிடம் சொல்லிவிட்டு. 20 வாரத்துக்குப் பிறகு ஐபுப்ரோஃபென் வகை வேண்டாம். குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

குழந்தைக்கு?

எடைக்குத்தான் அளவு: பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. ஆஸ்பிரின் கூடாது. நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழே கொடுக்க 2011-இலேயே தடை வந்துவிட்டது. சிரப்பையும் டிராப்ஸையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வழக்கமான டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும், 120 சிரப்பில் ஐந்து மில்லிக்குத்தான் 120. சிரப் கணக்கில் டிராப்ஸ் ஊற்றினால் நாலு மடங்குக்கு மேல் போய்விடும். சளி சிரப்பிலும் பாராசிட்டமால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

"ஒரு செட் மாத்திரை" வாங்குவது தப்பா?

கத்திரிக்கோலால் நறுக்கிய நாலு மாத்திரை, மடித்த பேப்பரில். மஞ்சள் ஒன்று, வெள்ளை இரண்டு, சிவப்பு ஒன்று. பெயர் இருந்த பக்கம் அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். அதில் வலி மாத்திரை எது, ஸ்டீராய்டு எது என்று வாங்கியவருக்கும் தெரியாது, நாளைக்கு வாந்தி என்று போனால் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. நானும் ஆரம்ப காலத்தில் கட்டிக் கொடுத்தவன்தான். இப்போது பெயர் எழுதாமல் ஒரு மாத்திரையும் தருவதில்லை. எங்கே வாங்கினாலும் கவர் மேல் பெயரும் மி.கி.யும் எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் எழுதுவார்கள்.

தெரியாமல் அதிகமாகப் போட்டுவிட்டால்?

பாராசிட்டமால் என்றால் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் கொஞ்சம் குமட்டலோடு போய்விடும். கல்லீரல் பாதிப்பு இரண்டாவது மூன்றாவது நாள்தான் தெரியவரும். மாற்று மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டைன் என்று பெயர், ஆனால் 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால்தான் முழுப் பலன். 108-ஐக் கூப்பிடுங்கள். அல்லது சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், எது பக்கமோ அங்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். மாத்திரையின் பக்கவிளைவு என்று சந்தேகம் இருந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பதிவு செய்யலாம். போகும்போது வீட்டு மாத்திரை டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள், காலி அட்டைகளையும் சேர்த்து. எத்தனை குழி காலி என்று எண்ணித்தான் டூட்டி டாக்டர் கணக்குப் போடுவார்.